கொதிகலன் ஆறிய மூன்று நாள்

14 ஜனவரி 1997, லிவிவ்

காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் ஆய்வகம் போனேன். இயக்குநர் மிரோன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். பிப்ரவரி ஒன்று, செவெரின் மார்க்கொவிச் இறந்த நாற்பதாம் நாள். அவர் விட்டுச்சென்றதைப் பற்றி நான்தான் பேச வேண்டுமாம். சூட்டில் உலோகம் எப்படி இழுபடும், எப்போது பிளக்கும் என்று நாட்டுக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். என் ஆசிரியர். எதை விட்டு எதைப் பேச?

16 ஜனவரி

ஊர் வீடுகளுக்கெல்லாம் குழாய் வழியே சூடு அனுப்பும் அனல் நிலையத்திலிருந்து ஸெனோவி வந்தான். தலைமைப் பொறியாளன், என்னோடு படித்தவன். பெரிய கொதிகலனில் ஒரு குழாய் மூட்டில் ஆவி கசிகிறது. கலனை நிறுத்தி, ஆறவைத்து, அந்த மூட்டைப் பற்றவைத்து அடைக்க வேண்டும்.

"ஒரு ராத்திரி வேலைதான். புத்தகப்படி ஆறவிடுறோம். ஆய்வகம் சார்பா நீ கையெழுத்துப் போடு, போதும்."

புத்தகம் என்றால் செவெரின் மார்க்கொவிச்சுடையது. என்ன வேகத்தில் சூடேற்றலாமோ அதே வேகத்தில் ஆறவைக்கலாம் என்கிறது.

நான் கையெழுத்துப் போடவில்லை. கோடையில் அந்தக் கலனின் உள்சுவரில் மயிரிழை விரிசல் ஒன்று பார்த்தோம்.

17 ஜனவரி

திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். அதே விடைதான். சூடேறும்போது உள்சுவர் நெருக்குண்டு விரிசலின் வாய் மூடிக்கொள்கிறது. ஆறும்போது உள்சுவர்தான் முதலில் சுருங்குகிறது. இழுபட்டு வாய் திறக்கிறது. புத்தகம் விரிசல் இல்லாத சுவருக்கு எழுதியது. இதை அந்த வேகத்தில் ஆறவைத்தால் கலனே பிளக்கலாம். பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள்.

ஒரு ராத்திரி போதாது, மூன்று நாள் வேண்டும். வெளியே மைனஸ் பதினெட்டு.

ஆசிரியரிடமே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "ஆறுறதுக்குத் தனியா என்ன கணக்கு? அதையே திருப்பிப் போடு, போ" என்று சிரித்தார். ஐயா, திருப்பிப் போட்டா வரலியே!

மிரோன் கத்தினார். "மனுஷன் போய் நாற்பது நாள் ஆகல. அதுக்குள்ள அவர் புத்தகத்துல ஓட்டை தேடுறியா? நாற்பது முடியட்டும், அப்புறம் பேசு."

அதுவரை இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது. எனக்குத் தெரியும். கலனுக்குத் தெரியுமா?

18 ஜனவரி

மூன்று நாள் என்று என் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மிரோன் போடவில்லை.

ஸெனோவி தாளை மடித்துக்கொண்டே சொன்னான்: "யாரினா, நீ சொன்னது தப்புன்னா ஊரே உன் தோலை உரிச்சுடும்."

"சரின்னா?"

"ஒண்ணும் நடக்காது. அதனால ஒருத்தனும் நம்ப மாட்டான்."

19 ஜனவரி

யோர்தான் திருநாள், இயேசு திருமுழுக்குப் பெற்ற நாள். கோயிலிலிருந்து கொண்டுவந்த புனித நீர் ஜன்னலோரத்திலேயே உறைந்துவிட்டது. பெரிய கலனை நேற்றிரவே நிறுத்திவிட்டார்கள். பழைய சின்னக் கொதிகலன் பிரசவ மருத்துவமனைக்கு மட்டும்தான் காணும். எங்கள் குடியிருப்பு முழுக்கச் சில்லிட்டுக் கிடக்கிறது. மாடிப்படியில் கீழ்வீட்டு நாத்யா வழிமறித்தாள். "வாங்க விஞ்ஞானியம்மா! என் வீட்டுச் சுவத்துல ஐஸ் கட்டியிருக்கு, வந்து அளந்து பாருங்க!"



20 ஜனவரி

மேல்கோட்டோடு படுத்திருக்கிறேன். நான் சொன்னது தப்பாக இருந்தால்? செத்தவர் மேல் பழி போட்டு, உயிரோடு இருப்பவர்களையும் விறைக்க வைத்தவள் ஆவேன்.

22 ஜனவரி

கலனைத் திறந்துவிட்டார்கள். ஸெனோவி தொலைபேசியில் கூப்பிட்டான். "சுவர் கனம் தொண்ணூறு மில்லிமீட்டர். கோடையில விரிசல் ஆழம் எட்டு. இப்ப அறுபது" என்றான்.

இரண்டு எண்ணையும் தாளில் எழுதிக்கொண்டேன்.

"கரண்டு போய்ப் போய் இந்தக் குளிர்காலத்துல ஏற்கெனவே நாலு தடவை நிறுத்தினோம், யாரினா. நாலும் புத்தகப்படி. அஞ்சாவதும் அப்படியே ஆறவெச்சிருந்தா, நான் அது பக்கத்துல நின்னிருப்பேன்."

ஜெயித்த சந்தோஷம் எதுவும் இல்லை. பழுது பார்த்து முடியும்வரை ஊருக்கு அரைச் சூடுதான்.

1 பிப்ரவரி

நாற்பதாம் நாள் சாப்பாடு, அவர் வீட்டில். மேசை முனையில் அவருக்கென ஒரு சின்னக் கோப்பை வோட்கா, மேலே ஒரு துண்டு ரொட்டி. மிரோன் என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்தேன். புகழ்ச்சி எழுதிவைத்திருந்த தாளை மடித்து வைத்தேன். "செவெரின் மார்க்கொவிச் ஒரு இடத்துல தப்புப் பண்ணிட்டார்" என்றேன்.

எல்லோரும் அவர் மனைவி ஸ்தெபானியாவைப் பார்த்தார்கள்.

"ஒரு இடத்துலதானா?" என்றாள் அவள். "நாற்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினவ நான். உட்காராதே, மேலே சொல்லு."

மிரோன்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் ஆறவைக்கும் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. மீதியை மிரோன் எழுந்து சொல்லி முடித்தார்.