புதைக்காத ஆடுகள்

அன்பு மகள் நவ்ஃபாவுக்கு உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் வாப்பாவும் ஆடுகளும் சுகம். அங்கே ஹாம்பர்க்கில் நீ நலமாக இருக்கிறாய், ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் இனியாவது சாப்பிடு.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். வனவிலங்குக் காப்பக அலுவலகத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை கடிதம் வந்துவிட்டது. இந்தக் குளிர்காலத்துக்கும் இனி வரும் குளிர்காலங்களுக்கும் நாம் ஆடுகளோடு பள்ளத்தாக்கிலேயே இருக்கலாம், யாரும் கூடாரத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. வாப்பா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சரி தேநீர் போடு என்றார், அன்று நாலு கிளாஸ் குடித்தார், சர்க்கரையைப் பற்றி நானும் வாயைத் திறக்கவில்லை.

போன கடிதத்தில் நீ எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. ஸுவேலிம் சாச்சா போனில் உளறியிருக்கிறார். அவ மண்வெட்டிய எடுக்கச் சொன்னா, கழுகு மூட்டையக் கட்டிருச்சு என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார், உன்னிடமும் சொல்லிவிட்டார். நீயோ, என்னாலதானே உம்மா, எந்த முகத்தோட அங்க வருவேன் என்று எழுதியிருக்கிறாய். முடிவு தெரிந்தபின் சொல்லலாம் என்று இரண்டு வருஷமாக மறைத்தது என் தப்பு. பாதிக் கதையைக் கேட்டு நீ வருந்த வேண்டாம், முழுவதையும் எழுதுகிறேன்.

அலுவலகத்தார் இருபது வருஷமாக நம் செங்குத்துப் பாறையில் கூடு எண்ணுகிறார்கள் அல்லவா, அதில் பிணந்தின்னிக் கழுகின் கூடுகள் இருபத்தொன்றாக இருந்தது, இரண்டு வருஷத்துக்கு முன் மூன்றாகிவிட்டது. பாறைக்கு அடியிலேயே ஆடும் நாயும் அடுப்புப் புகையுமாக நாம் இருக்கிறோம், அதனால்தான் பறவை வெருண்டு போகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். மாஹிர் என்ற புது அதிகாரி வந்து, உம்மு நவ்ஃபா என்று உன் பேரை வைத்தே என்னைக் கூப்பிட்டு, இடம் மாற வேண்டியிருக்கும் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எங்கே போவது, மேட்டில் தண்ணீர் ஏது. நான் ஒரு நோட்டு வைத்திருப்பது உனக்குக்கூடத் தெரியாது. மாவு மூட்டைக்குப் பின்னால் என் புத்தகங்களோடு இருக்கும், மேய்ச்சலில் கண்ணில் பட்டதை எழுதி வைப்பேன், யாருக்கும் காட்டுவதற்கு அல்ல. அன்று அதைப் புரட்டினேன். அதே பாறையில் இராசாளியும் இருக்கிறது, கௌதாரியை உயிரோடு பிடித்துத் தின்பது, நம் புகைக்கு வெருண்டால் அதுவல்லவா முதலில் போக வேண்டும், ஆனால் நான் எழுதிவைத்த பதினான்கு வருஷமும் அதன் இரண்டு கூடு இரண்டாகவே இருந்திருக்கிறது. செத்ததைத் தின்னும் பறவை மட்டும்தான் குறைந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று பார்த்தால், நீ எட்டாம் வகுப்பில் சுத்தம் பற்றிப் படித்துவிட்டு வந்து செத்த ஆட்டையெல்லாம் புதைக்க வைத்தாயே, அதற்கு அடுத்த வசந்தத்திலிருந்து. அதன் இரையை நாம் மண்ணுக்குள் தள்ளிக்கொண்டிருந்தோம். காட்டினால் உன் பேர் வரும், காட்டாவிட்டால் கூடாரம் போகும், இரண்டு நாள் நோட்டை மூடியே வைத்திருந்தேன். பிறகு வாப்பாவிடம் சொன்னேன். சொன்னது அவ, தோண்டினது நான், பதிமூணு வயசுப் பிள்ள மேலயா பழியப் போடுவாங்க, கொண்டுபோய்க் காட்டு என்றார்.

மாஹிர் வெகுநேரம் பக்கம் திருப்பினார். நாம் புதைப்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருஷமா ஏன் சொல்லல என்றார், நீங்க கேக்கல என்றேன். இரண்டு வருஷம் பார்க்கலாம் என்று மேலதிகாரிகளுக்கு எழுதி அனுமதி வாங்கினார். அன்றுமுதல் மேட்டுக்கு அப்பால் தட்டைப் பாறையில் செத்த ஆட்டைப் போடுகிறோம், ஊசி மருந்து ஏறிய ஆட்டை மட்டும் இன்றும் புதைக்கிறோம், அந்த மருந்து பறவையைக் கொன்றுவிடுமாம். முதல் வாரம் ஒரு கழுகுகூட வரவில்லை, பத்திரிகை அடிச்சு அழைக்கணும்போல என்றார் சாச்சா. ஒன்பதாம் நாள் ஒன்று வந்து இறங்கியது, மறுநாள் பதினொன்று. இந்த வசந்தத்தில் ஏழு கூடு. வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடும், இருபத்தொன்றாவதற்கு நானே கிழவியாகிவிடுவேன், இருக்கட்டும்.

இன்னொன்றும் அந்த நோட்டில் இருக்கிறது, உனக்கு மறந்திருக்கும். நீ புதைக்கச் சொல்வதற்கு முந்தைய கோடையில் கிணற்றுப் பக்கம் செத்த ஆடு கிடந்து தண்ணீர் நாறி, சாச்சாவின் பிள்ளைகள் இருவரும் வயிற்றுப்போக்கில் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கும் அப்படி வரவில்லை. அதனால்தான் இப்போதும் கிணற்றுப் பக்கம் எதையும் போடுவதில்லை. அந்தப் பக்கத்தைச் சாச்சாவுக்கு வாசித்துக் காட்டினேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன்னு அவளுக்கு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

இரவு வேலையை அடுத்தடுத்து வாங்கிக்கொள்ளாதே. கம்பளிக் காலுறையும் உலர்ந்த தயிர்க்கட்டியும் வாப்பா அனுப்பியிருக்கிறார். அல்லாஹ் உன் கைக்குக் குணப்படுத்தும் பரக்கத்தைத் தரட்டும், உன்னைக் காப்பாற்றட்டும். டிசம்பர் விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடு, மறந்துவிடாதே. யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை, பஸ்ஸை விட்டு இறங்கிப் பழைய வழியிலேயே நடந்து வா, நாங்கள் அங்கேயேதான் இருப்போம்.

உன் உம்மா,
தர்ஃபா