தண்ணீர் கேட்ட சிறுமி

ஆகஸ்ட் 12, செவ்வாய். அல்சூர்.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பிளேக் காலத்து கன்டோன்மென்ட் ராணுவப் பகுதியைப் பற்றி நான் எழுதும் நாவலில், முகாமில் காய்ச்சலோடு கிடக்கும் சிறுமி தண்ணீர் கேட்கும் அத்தியாயத்தை இன்று மனைவிக்கு வாசித்தேன். தண்ணீர் சுமப்பவரின் தோல்பை, அதன் தையல், கூடாரத்து முளை எல்லாம் நூலகத்தில் மாதக்கணக்கில் தேடியவை.

"ஏங்க, அந்தப் புள்ள தண்ணி குடிச்சுதா இல்லியா?"

"இரு, பை எந்தத் தோல்னு..."

"தோலை நீங்களே வெச்சுக்குங்க. நாலு பக்கமா அதுக்கு நாக்கு வறண்டு கெடக்கு!"

வழி கேட்டவருக்குத் தெருவின் வரலாற்றைச் சொல்லாதீர்கள் என்று, கதை எழுதக் கற்றுத்தரும் என் வகுப்புகளில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! புரட்டிப் பார்த்தேன். தண்ணீர் கொடுக்கவே மறந்திருக்கிறேன். தையலைப் பற்றிய வரிகளை அடித்துவிட்டு, குவளையை அவள் வாயருகே கொண்டுபோனேன். குவளை பித்தளையா, தகரமா? தெரியவில்லை. எதுவோ ஒன்று, முதலில் குடிக்கட்டும்.