வண்டி நின்ற பிறகும் ஓடும் பம்பு

செவ்வாய், இரவு

வளப்பூர் ராசுவின் டர்போ காரில் இன்று துணைப் பம்பை மாற்றினேன். என்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் ஒழுகிய இரண்டு ஹோஸ்களையும் மாற்றினேன். என்ஜினை அணைத்த பிறகும் பம்பு சற்று நேரம் ஓடி, கூலன்ட்டைச் சுற்றவிட்டு, கொதிக்கும் டர்போவைக் குளிர வைக்கும் என்று ராசுவிடம் சொல்லித்தான் அனுப்பினேன். சாயங்காலம், ராசு வண்டியோடு போயிருந்த மலை ஊரிலிருந்து போனில் வந்தது அவர் மாமனார்.

"என்ன வேலைங்க பாத்தீங்க? சாவிய எடுத்த பொறகும் உள்ள உர்ருனு ஓடுச்சு. பேட்டரி எறங்கிருமுன்னு நாந்தான் ஒயரைக் கழட்டினேன்."

"மாப்பிள்ளை எங்கீங்க?"

"ஊட்டுக்குள்ள போயிட்டாருங்க."

மலையில் பழைய ஜீப்காரர்கள் இரவில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் படுப்பார்கள். அந்தப் பழக்கம்.

"ஆவி வருதுங்களா?"

"வருதுங்க. கீழயும் ஈரமா இருக்குது. ஏறி வந்த சூடுதானுங்க. விடிஞ்சதும் பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு எறங்கணும், நெறமாசம்."

"வண்டிய எடுக்காதீங்க" என்று கத்துவதற்குள் லைன் அறுந்துவிட்டது. அப்புறம் கிடைக்கவே இல்லை. ஒயரைக் கழற்றியதும் பம்பு நின்று, டர்போ சூட்டில் கூலன்ட் கொதித்து வெளியே கொட்டியிருக்கிறது. கூலன்ட் இல்லாமல் இறங்கினால் வழியிலேயே என்ஜின் நின்றுவிடும். நின்றால் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும், எவ்வளவு மிதித்தாலும் இறக்கத்தில் வண்டி சரியாக நிற்காது.

முதல் பஸ்ஸில் மேலே போகிறேன். அவர்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டால், ஏதாவது ஒரு வளைவில் எதிரே பார்ப்பேன்.