அட்டையில் எழுதாத பதில்

ஜூன் 29, ஞாயிறு

மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டது. இப்போதைக்கு நூல் கட்டியிருக்கிறேன்.

பத்து மணிக்கு எதிர்வீட்டு மாரித்தாய் வந்தாள். அவள் மகன் பாண்டி ஓமனில் ஒரு கம்பெனியில் வெல்டர். பன்னிரண்டு நாளாக அவனிடமிருந்து பேச்சு இல்லை. கம்பெனி ஆபீசிலிருந்தே வீட்டுக்குக் கூப்பிட்டு விவரம் சொல்வார்கள் என்று அவனை அனுப்பிய ஏஜென்ட் சொன்னாராம். பகலில்தான் கூப்பிடுவார்கள், இங்கிலீஷில்தான் பேசுவார்கள். இவளும் புருஷன் ஊர்க்காவலனும் பகல் முழுக்கப் பட்டாசு ஆலையில். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

"பகல்ல போனை நீங்க வச்சுக்கிடுங்கய்யா. எம்புட்டு இங்கிலீசு எழுதுன ஆளு நீங்க! என்ன சொல்றாகன்னு கேட்டு வச்சாப் போதும்."

"அதுக்கென்ன தாயி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? முப்பத்தாறு வருடம் இங்கிருந்து பஸ்ஸில் போய், சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வடநாட்டு ஆர்டர்களுக்கு இங்கிலீஷ் கடிதம் எழுதியவன் நான். எழுதியவன் மட்டுமே. போனில் பேசியதெல்லாம் முதலாளி மகன் ராஜபாண்டியன். அவர் பேச வேண்டியதை அட்டையில் எழுதிக் கொடுப்பேன். அவர் இல்லாத நேரம் மணி அடித்தால் ஃபைல் தேடுவதுபோல் உள்ளறைக்குப் போய்விடுவேன். இது என் மனைவி பத்திரகாளிக்குக்கூடத் தெரியாது.

ஜூன் 30, திங்கள்

ஆறே முக்காலுக்கு, ஆலை வேன் ஏறுமுன் மாரித்தாய் போனைத் தந்துவிட்டுப் போனாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கொண்டாள். அழைப்பு வரவில்லை.

அந்தக் காலத்து வழக்கப்படியே அட்டை தயாரித்தேன். இடப்பக்கம் அவர்கள் கேட்கக்கூடியது, வலப்பக்கம் என் பதில். கீழே சொற்கள். 'ஸ்பீக்கிங்' என்றால் பேசுவது நான்தான். 'ஹோல்ட் ஆன்' என்றால் சற்று இருக்க வேண்டும், வைத்துவிடக் கூடாது. 'புட் யூ த்ரூ' என்றால் இன்னொருவருக்கு இணைப்புத் தருகிறார்கள். 'கால் பேக்', திரும்பக் கூப்பிடுவது. 'கட் ஆஃப்', தானாக அறுந்துபோவது. 'ஹேங் அப்', நாமே வைத்துவிடுவது.

கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. இதை எழுதும்போது ஏனோ நிம்மதியாக இருந்தது. இப்போது அந்த நிம்மதி பிடிக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

பதினொன்று இருபதுக்கு மணி அடித்தது. வெளிநாட்டு எண். எடுத்தேன்.

பெண் குரல். அட்டையின் முதல் வரி 'குட் மார்னிங்'. அவள் அதைச் சொல்லவில்லை. பாண்டிக்கு நான் என்ன உறவு என்று நேராகக் கேட்டாள். எளிய கேள்விதான். ஆனால் அட்டையில் இல்லை. மேலும் கீழும் தேடினேன். "ஆர் யூ தேர், சார்?" என்றாள். இருக்கிறேன் என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும்? கட்டைவிரல் சிவப்பைத் தொட்டுவிட்டது.

ஹேங் அப்.

மாலையில் மாரித்தாயிடம் "லைன் தானா அறுந்துபோச்சு" என்றேன்.

"மறுபடி கூப்பிடுவாகல்லய்யா?"

"கூப்பிடுவாக."

ஜூலை 2, புதன்

கூப்பிட்டார்கள். இரண்டு முறை. போனின் மேல் துண்டைப் போட்டுவிட்டு, அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பத்திரகாளி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

பிறகு செய்ததையும் எழுதிவிட வேண்டும். அழைப்புப் பட்டியலைத் திறந்து, அந்த எண்ணை அழுத்திப் பிடித்து, குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டேன். அதற்கு மட்டும் அட்டை தேவைப்படவில்லை.

"வந்துச்சாய்யா?" மாலையில் மாரித்தாய் கேட்டாள்.

"இல்லம்மா."

எனக்கு எழுபத்து நான்கு வயது.

ஜூலை 3, வியாழன்

காலையிலேயே அடித்தது. பத்திரகாளி அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

"என்ன, எடுக்காம அதையே பாத்துக்கிட்டு இருக்கீக?"

"ராங் நம்பரா இருக்கும்."

"எடுக்காமலே எப்படித் தெரிஞ்சுச்சு? சோசியம் படிச்சிருக்கீகளோ?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ள ராத்திரி தூங்கலைங்க. அவ கண்ணைப் பாத்தீகளா?" என்றாள்.

பார்க்கவில்லை. மாலையில் போனைத் திருப்பிக் கொடுத்தபோதும் பார்க்கவில்லை. இன்றும் "இல்லம்மா" என்றுதான் சொன்னேன். பத்திரகாளி பக்கத்தில் நின்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது இன்னும் கேவலமாக இருந்தது.

ஜூலை 4, வெள்ளி

ஓமனில் வெள்ளியும் சனியும் விடுமுறை. இரண்டு நாள் தப்பித்தேன் என்று நினைத்தேன். என்ன மனிதன் நான்?

இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லி மாரித்தாய் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள். பத்திரகாளி அதை என் கண்ணெதிரே மேசைமேல் வைத்தாள். நான் தொடவில்லை.

ஜூலை 5, சனி

பத்திரகாளி டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, நான்தான் ஆபீசு. நீங்க யாருங்க?" என்றாள்.

"ஸ்பீக்கிங்."

"அது பேரா, ஊரா?"

இருவரும் சிரித்துவிட்டோம். உடனே அவள், "நாளைக்கு ஆலை லீவு. போய்ச் சொல்லிருங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

பத்து மணிக்குப் போனேன். ஊர்க்காவலன் இல்லை. மாரித்தாய் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "ஒண்ணு சொல்லணும் தாயி" என்று தொடங்கும்போதே திண்டில் கிடந்த போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அவளே பச்சையைத் தொட்டாள்.

"ஹலோ! பாண்டி அம்மா. பாண்டி… அம்மா!"

"மதர்?"

"ஆமா, மதர், மதர்!"

"ஒன் மினிட், மதர்."

அவ்வளவுதான். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஸ்பீக்கரில் பாண்டியின் குரல் வந்தது. இரும்புத் தகடு விழுந்து காலில் எலும்பு முறிவு. அவன் போனும் நசுங்கிப்போயிற்று. வியாழக்கிழமை ஆபரேஷன் ஆகிவிட்டது. நன்றாக இருக்கிறான். பிறகு அவன் அழுதான்.

"ஆபரேசனுக்கு முந்தி உன்கிட்ட ஒரு வார்த்தை பேசிறலாம்னு ஆபீசம்மாவைக் கெஞ்சி மூணு நாளாப் போட்டுப் பாத்தேன்மா. முத நாளு எவரோ எடுத்து வச்சுட்டாக. பெறகு யாருமே எடுக்கலை. ஆலையில வெடிச்சுருச்சோன்னு நெனைச்சேன். நீயும் அப்பாவும் இருக்கீகளா இல்லையான்னு தெரியாமலேதான் உள்ள போனேன்மா."

நான் இதை நினைத்துப் பார்க்கவே இல்லை. நம் ஊர்ப் பிள்ளைக்கு, வீட்டில் யாரும் போன் எடுக்காவிட்டால் வேறென்ன தோன்றும்? எழுபத்து நான்கு வருடம் இந்த ஏழாயிரம்பண்ணையிலேயே இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. என் பயம் ஒன்றுதான் தெரிந்தது.

பேசி முடித்ததும் சொன்னேன். எடுத்து வைத்தது நான். எடுக்காதது நான். அழித்ததும் நான்.

அவள் போனைத் திண்டில் வைத்தாள். பிறகு, "கேட்டேனேய்யா" என்றாள். "தெனமும் வந்துச்சா வந்துச்சான்னு கேட்டேனே. பேச வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா எழில்கிட்டக் குடுத்துட்டுப் போயிருப்பேன்ல."

எழில் அடுத்த தெருப் பெண். கல்லூரியில் படிக்கிறாள், இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறாள்.

மாரித்தாய் மீதித் துணியைக் காயப்போடத் திரும்பிவிட்டாள்.

ஜூலை 7, திங்கள்

வேன் வந்தது, போனது. போன் எழில் வீட்டுக்குப் போயிற்று.

ஜூலை 9, புதன்

கண்ணாடிக்குத் திருகு மாற்றினேன். வேறொன்றும் இல்லை.

ஜூலை 14, திங்கள்

கல்லூரி திறந்து எழில் விருதுநகர் போய்விட்டாளாம். ஆறே முக்காலுக்கு மாரித்தாய் வாசலில் நின்றாள். படியேறவில்லை. போனை நீட்டினாள்.

"இனிமே பாண்டிதான் பேசுவான். தமிழ்லதான் பேசுவான். எடுப்பீகள்ல?"

"எடுப்பேன் தாயி."

வேன்காரன் ஹாரன் அடித்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

பதினொன்று ஐந்துக்கு அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

பாண்டி இல்லை, அந்தப் பெண்தான். அவள்தான் போட்டு, பிறகு அவனிடம் இணைப்புக் கொடுப்பாள் போலிருக்கிறது. யார் பேசுவது என்று கேட்டாள். அட்டை அலமாரியில் இருந்தது. எழுந்து போகவில்லை.

அன்று போனை வைத்தவன் நான்தான், அதன்பிறகு எடுக்காமல் இருந்தவனும் நான்தான், மன்னிக்க வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் திணறினேன். அவள் காத்திருந்தாள்.

"தேங்க் யூ ஃபார் ஆன்சரிங், சார். ஹோல்ட் ஆன்" என்றாள்.

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பாண்டி வந்ததும் அவனிடமும் அதையே தமிழில் சொன்னேன். இது இங்கிலீஷைவிடக் கடினமாக இருந்தது. அவன், "அம்மா வேலைக்குப் போயிட்டாகளாய்யா?" என்றான்.

"போயிட்டாக. வேன் ஏறுனதைப் பாத்தேன். நல்லா இருக்காக."

நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. அழைப்புப் பட்டியலில் அப்படியே இருக்கிறது. ஆறு மணிக்கு மாரித்தாய் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.