உங்கள் காயத்தைக் கணக்கில் சேர்க்காதவர்கள்

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த ராத்தாவுக்கு,

நீங்கள் கிடந்த ஆஸ்பத்திரி வாட்டுக்கு நேற்றுப் போனேன். மாமியின் மகளுக்கும் வயிற்றில் ஒப்பரேஷன், பார்க்கப் போனேன். வாசலில் புதுப் பலகை தொங்குகிறது. எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன்: ‘காயத்தில் தொற்று ஏற்படாத வாட்டு.’ அதற்குக் கேக் வெட்டினார்களாம். உங்களை மண்ணுக்குள் வைத்த பிறகு இவர்களுக்குக் கேக் எப்படித் தொண்டையில் இறங்கியது?

உங்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்த பிறகு கட்டு நனைந்து மணத்தது. அடுத்த கட்டில்காரியின் கட்டை வெட்டிய கத்திரிக்கோலைக் கழுவாமலே உங்களிடம் கொண்டுவந்தாள் வாட்டு நேர்ஸ் மிஸ். கேட்டதற்கு என் மீது பாய்ந்தாள்.

“ஊரே வந்து கட்டில்ல குந்தினா காயம் பழுக்காம என்ன செய்யும்?”

நோயாளியைப் பார்ப்பது நன்மை என்று நம் சனம் வரத்தான் செய்தது. வலியிலும் நீங்கள் விடவில்லை.

“என்னப் பாக்க வந்த ஆக்கள விட உங்கட கத்திரிக்கோல்தான் மிஸ், கனக்கக் கட்டிலுக்குப் போய் வருது.”

அடுத்த கட்டில்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் வைத்துத் தொற்றுப் பிடித்தவர்களைக் கணக்கெடுக்க வேறொரு மிஸ் வாட்டு வாட்டாக வருவா. அவ வருமுன்னே டிக்கட் வெட்டி உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டை அவிழ்க்க வேண்டாம் என்றார்கள். காய்ச்சல் தூக்கிப்போட, திரும்பக் கொண்டுபோனோம். வாட்டுக்கு ஏற்றுமுன் மௌத்தாகிவிட்டீர்கள். கட்டைத் தொட்டும் பார்க்காமல் டொக்டர் உங்கள் கணவரிடம் சொன்னார்: “நெஞ்சு வருத்தம். அல்லாஹ்ட நாட்டம்.” மச்சான் தலையாட்டினார். உயிரை எடுப்பது அவன் நாட்டம்தான். கத்திரிக்கோலைக் கழுவாதது யாருடைய நாட்டம்?

உங்களைக் குளிப்பாட்டியபோது அந்தக் கட்டை அவிழ்த்தது என் கை. தையல் பிளந்து, உள்ளே பச்சையாகச் சீழ். கூட நின்று குளிப்பாட்டிய மாமி காதோடு சொன்னா: “கண்டத வெளிய கதைக்கப்படாது புள்ள. மையித்துட மானம்.” உயிர்போன உடலில் கண்டதை வெளியே சொல்லாதது நம் வழக்கம்தானே. வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று அந்தக் கணக்கெடுக்கும் மிஸ்ஸை மறித்துக் கேட்டேன்.

“எங்கட ராத்தாட காயம் கணக்குல இருக்கா?”

“அப்படி ஒரு ஆள எனக்கு ஆரும் சொல்லல்லயே. வீட்டுக்குப் போன ஆக்கள்ட காயம் எனக்குத் தெரிய வாறல்ல. கண்ணால கண்ட ஆரும் இருக்காங்களா?”

மாமியின் சொல் வாயை அடைத்தது. மாமியின் மகளிடம் போனேன். அப்போதுதான் பார்த்தேன், அவள் கிடப்பது உங்கள் கட்டிலில். அவளுடைய கட்டும் நனைந்திருந்தது.

மையித்தின் குறையைத்தானே மார்க்கம் மறைக்கச் சொன்னது? அந்தச் சீழ் உங்கள் குறையா ராத்தா? அவர்களுடைய மானத்தை நான் ஏன் உங்கள் கபன் துணிக்குள் சுற்றி வைக்க வேண்டும்?

இதை இன்று காலை மாமியிடம் கேட்டேன். நனைந்த கட்டையும் சொன்னேன். மாமி எழும்பினா.

“ஹபாயாவப் போடு புள்ள, போவம்.”

வாசலில் மாமி செருப்பு மாட்டுகிறா. போய், கண்டதைக் கண்டபடி சொல்வோம். உங்கள் காயம் கணக்கில் ஏறி, அந்தப் பலகை இறங்கும்வரை வாட்டு வாசலை விட்டு நான் அசைய மாட்டேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் கட்டை அவிழ்த்த
தங்கச்சி