அம்மாவுக்கு எந்த லென்ஸ்

பிப்ரவரி 9, 2025. தேனி

பெரிய ஃபிலிம் கேமரா வந்து இருபது நாள். லென்ஸ் இல்லாமல் அலமாரியில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேமராக்காரர்கள் வாட்ஸப் குழுவில் யோசனை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஷ்னைடர்தான் என்கிறார் ஒருவர். ரோடன்ஸ்டாக்தான் என்கிறார் இன்னொருவர். ஃபுஜினானைப் புகழ்ந்து மூன்று பக்கம் எழுதிய வைகுண்டராஜ் போன வருடம் எடுத்த படம் ஒன்றே ஒன்று. சுவரில் ஒட்டிய செய்தித்தாள் — லென்ஸைச் சோதிக்க!

பிப்ரவரி 11

போடியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் எபனேசர் குழுவில் எழுதுகிறார்: "எங்கிட்ட ஒரு பழைய பித்தளை லென்சு கெடக்கு தம்பி. பேரெல்லாம் அழிஞ்சு போச்சு. மொகம் எடுக்க அதுதான்."

கம்பெனி பெயர்கூட இல்லாத சாமான். துணி கிழிக்கிறவருக்கு லென்ஸும் தெரியுமாக்கும்.

பிப்ரவரி 16

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அம்மா கேட்டாள்: "ஏலே அமலு, எனக்கு நல்லதா ஒரு போட்டோ எடுத்துத் தா."

யார் செத்தாலும் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்கிற ஊர் இது. அப்பாவுக்கும் அப்படித்தான் வைத்தோம். அதற்குப் பயந்துவிட்டாள் போல. அறுபத்தொரு வயதுதானே?

"அதுக்குள்ள என்னம்மா அவசரம்?"

"அவசரந்தான்."

மார்ச் 2

நிக்கார் லென்ஸ்தான். முடிவு செய்துவிட்டேன்.

இல்லை, ஷ்னைடர். நாலு கம்பெனிக் கண்ணாடிக்கும் நடுவே வித்தியாசம் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். அதை ஒத்துக்கொண்டால் குழுவில் பேச ஒன்றும் மிஞ்சாது.

மார்ச் 14

ஷ்னைடர் வந்துவிட்டது. அம்மாவை எடுத்தேன், ஃபிலிமைக் கழுவினேன். அற்புதம்! இமைமுடியை எண்ணலாம். அம்மா ஒரு பார்வை பார்த்தாள்.

"யாருடா இது, கல்லறையில இருந்து எந்திரிச்சு வந்தவ மாதிரி?"

"துல்லியம்மா. லென்ஸ் அப்படி."

"என் சுருக்கத்த எண்ணவா எடுக்கச் சொன்னேன்? ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்குற புத்தி எங்க போகும்!"

ரசனை இல்லாத ஜனங்கள்.

மார்ச் 23

வேறு வழியில்லாமல் போடிக்குப் போனேன். எபனேசர் லென்ஸைத் தந்துவிட்டு உபதேசமும் செய்தார்: "அம்மாவச் சிரிக்கச் சொல்லாதீக தம்பி. அவுகளாச் சிரிப்பாக." ஷட்டர்கூட இல்லை. மூடியைக் கழற்றி மூன்று விநாடி எண்ணி மூட வேண்டுமாம். வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்தேன்.

மார்ச் 30

பித்தளை லென்ஸில் அம்மாவை எடுத்தேன். கண் மட்டும் தெளிவு. மற்றதெல்லாம் கரைந்து கிடக்கிறது. சிரிக்கிறாள் — நான் சொல்லவில்லை. லென்ஸ் கணக்கில் பார்த்தால் குப்பை.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். இரண்டு பிரதி வேண்டுமாம். ஒன்று பேனருக்கு. இன்னொன்று?

ஏப்ரல் 21

அக்கா அனிதா மேரி போனில் சொன்னாள். அந்தப் படம் ராயப்பன்பட்டியில் ஆரோக்கியசெல்வம் வாத்தியார் வீட்டு மேசையில் இருக்கிறதாம். அவர் மனைவி இறந்து நாலு வருடம். அம்மா அவரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். வருகிற ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கிறார்கள், ஊரே கேட்க.

அறுபத்தொரு வயசுல! நான் எடுத்த போட்டோவக் குடுத்து! ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது. நான் என்ன கேனயனா?

அம்மாவிடம் போய்க் கேட்டேன்: "எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ யாரத்தான் எளப்பமாப் பேசாம விட்ட? என்னையும் பேசுவ. பயந்தேன்."

பெற்ற மகனிடம் பயம்.

ஏப்ரல் 27

கோயிலுக்குப் போகவில்லை. குழுவில் ஷ்னைடரா ரோடன்ஸ்டாக்கா என்று மறுபடியும் சண்டை. வெளியேறிவிட்டேன்.

மே 19

கல்யாணம். முப்பது பேர்கூட இல்லை. படம் எடுக்க நான்தான்.

கேமராவின் பின்னால் தொங்கும் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கேமராவின் பின்கண்ணாடியில் இரண்டு பேரும் தலைகீழாகத் தெரிந்தார்கள். வாத்தியார் நான் என்ன நினைப்பேனோ என்று அம்மாவை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றேன். துணிக்குள்ளிருந்து சொன்னது அவர் காதில் விழவில்லை. தலையை வெளியே எடுத்து, அவர் முகத்தைப் பார்த்து மறுபடியும் சொன்னேன்.