கருணாகரனின் அரைஞாண் கயிறு

11 மார்ச் 1957

அரைஞாண் கயிறு இன்றும் கருணாகரன் இடுப்பிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. ஏழு மாதப் பிள்ளை, எடை பத்தே ராத்தல். இந்த மாதம் இது இரண்டாவது வயிற்றுப்போக்கு. மூன்றாம் மாதமே எனக்குப் பால் வற்றிவிட்டது, அதிலிருந்து டின் பால்தான். கிளினிக்கில் நர்ஸ் சிவகாமசுந்தரி மிஸி எல்லார் முன்னாலும் கேட்டார்: "தண்ணியக் கொதிக்க வெச்சுத்தானே பால் கலக்குற?" வந்ததே எனக்குக் கோபம்! கொதிக்க வைக்காதவளா நான்? "வீட்டுக்கு வந்து பாருங்க மிஸி"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

14 மார்ச்

மிஸி நிஜமாகவே வந்துவிட்டார். அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்தார். நன்றாகப் பார்க்கட்டும் என்று தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டேன். பிள்ளை பசியில் அலறினான். வழக்கம்போல வாளியிலிருந்து ஒரு குவளை கிணற்றுத் தண்ணீரை மொண்டேன். மிஸி கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது எதுக்கும்மா?"

"விளாவத்தான் மிஸி. சூடா குடுத்தா பிள்ளைக்கு வாய் வெந்துடாதா?"

"இந்தத் தண்ணி கொதிச்சதா?"

ஐயோ. சாக்கடைக்குப் பக்கத்துக் கிணறு. நாலு மாசமா — நானே — என் கையாலயே. பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். மிஸி திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

15 மார்ச்

சுடுதண்ணீர் தானாக ஆறும்வரை இவன் பொறுக்கமாட்டான். என்ன செய்வேன்?

16 மார்ச்

வழி கிடைத்துவிட்டது! விடிந்ததும் ஒரு கெட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டேன். பால் கலக்கும்போது அதைச் சுடுதண்ணீரில் ஊற்றி விளாவினேன். இப்போது இரண்டுமே கொதித்த தண்ணீர். "விறகு ரெட்டிப்பா ஆவுதே" என்றார் என் வீட்டுக்காரர். "ஆவட்டும்" என்றேன். சாயங்காலம் அவரே ஒரு கட்டு விறகு பிளந்து போட்டார்.

2 ஏப்ரல்

பதினேழு நாளாகப் போக்கு இல்லை. எழுதவே பயமாக இருக்கிறது, என் கண்ணே பட்டுவிடும்.

20 மே

பதிமூன்று ராத்தல்! மிஸி நம்பாமல் இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தார். "நெத்திலி போட்ட கஞ்சியும் சாப்புடுறான் மிஸி" என்றேன். வரிசையில் நின்ற தாய்மார்களிடம் திரும்பி, என்னைக் காட்டி, "கமலவேணி எப்படி விளாவுறான்னு கேட்டுக்குங்க" என்றார். அதே கிளினிக், அதே கூட்டம். ஒவ்வொருத்தியாக வந்து கேட்டார்கள். தொண்டை கட்டும்வரை சொன்னேன்.

31 ஆகஸ்ட்

இன்று இந்த நாட்டுக்கும் சுதந்திரம். ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்குக் கிளம்பியது. புறப்படும் நேரத்தில் கருணாகரன் சிணுங்கினான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால், அரைஞாண் கயிறு இறுகி இடுப்பில் தடம் பதிந்திருக்கிறது. கத்தரிக்கோல் நுனி மட்டும்தான் நுழைந்தது. மெல்ல வெட்டி எடுத்தேன். வழியெல்லாம் "கனக்குறான், குடு" என்று அவர் கை நீட்டிக்கொண்டே வந்தார். நான் கொடுக்கவில்லை.